ஆதரவு முடிந்த இயங்குதளம்: விட்டுவிடுவதா, வைத்துக்கொள்வதா?

#1 நெகட்டிவ்பெட்டி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. இரண்டு மாதமாக ஒரு முடிவுக்கு வர முடியாமல் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

என் கணினி ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசஸர், 4 ஜிபி ரேம். அதில் விண்டோஸ் 10, அதுவும் 32 பிட். இந்தக் காலத்தில் ஏன் 32 பிட் என்று கேட்பீர்கள். மேசையின் இடப்பக்கம் இருக்கும் ஃபிலிம் ஸ்கேனர்தான் காரணம். 2003-இல் வந்த மாடல். அதைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள் என்று இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி காலத்து 32 பிட் ஒன்றுதான். செய்த நிறுவனம் அந்தத் தொழிலையே விட்டுவிட்டது, இனி புது டிரைவர் வரப்போவதில்லை. 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை ஏற்றவே ஏற்றாது. விண்டோஸ் 11-இலோ 32 பிட் பதிப்பே கிடையாது. அது போக, 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். என் கணினி அந்தப் பட்டியலில் இல்லை.

அப்பா எடுத்த நெகட்டிவ்கள் 140 ரோல் இருக்கின்றன. ஆறு ஆறு படமாக நறுக்கி, பட்டர் பேப்பர் உறைக்குள் போட்டு, உறைமேல் பென்சிலால் தேதி எழுதி வைத்திருக்கிறார். ஒரு துண்டை ஹோல்டரில் வைத்து உள்ளே தள்ளினால் ஒரு 'டக்' சத்தம், பிறகு மோட்டார் முனகிக்கொண்டே ஃபிலிமை இழுக்கும். ஒரு படத்துக்கு நாலைந்து நிமிடம் ஆகும். மூன்று வருடமாக, ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் உட்கார்ந்து 90 ரோல் முடித்திருக்கிறேன். இன்னும் 50 பாக்கி.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. 'இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள்' என்கிறார் கணினி பழுதுபார்ப்பவர். ஒன்றும் ஆகாது, அப்படியே ஓட்டு என்கிறான் நண்பன். இரண்டு பேருமே காரணம் சொல்லவில்லை. எனக்குக் காரணம் வேண்டும்.

#2 வலைக்காவல்

நண்பரே, உங்கள் வேலை அருமையான வேலை. ஆனால் ஆதரவு முடிந்த ஓஎஸ்ஸை (இயங்குதளத்தை) இணையத்தில் வைத்திருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரணம் கேட்டீர்கள், சொல்கிறேன்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. திருத்தம் வந்ததும் அதை முதலில் பிரித்துப் பார்ப்பவர்களில் தாக்குபவர்களும் உண்டு. திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் அருகருகே வைத்து எந்த இடம் மாறியிருக்கிறது என்று பார்த்தால், ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். 10-க்கும் 11-க்கும் உள்ளே பெரும்பகுதி ஒரே நிரல். அதனால் 11-க்கு வரும் ஒவ்வொரு திருத்தமும், திருத்தம் கிடைக்காத 10-க்குள் நுழைய வழிகாட்டும் வரைபடமாக ஆகிவிடுகிறது. 'இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே' என்ற கணக்கு இங்கே செல்லாது. ஆதரவு முடிந்த அன்றோடு அந்தக் கணக்கே மாறிவிட்டது.

2017 மே 12-ஐ நினைத்துப் பாருங்கள். வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் புழு நிரல் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் சிகிச்சைகளைத் தள்ளிப்போட வேண்டி வந்தது. யாரும் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. வலையில் ஒரு கணினி மாட்டினால் போதும், மற்றவற்றுக்குத் தானே பரவியது.

#3 தறிநாடா

வலைக்காவல் சொன்ன சம்பவம் உண்மை. ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் பாடத்தை நான் ஏற்கவில்லை.

வான்னாக்ரை அதிகம் பிடித்தது எக்ஸ்பியை அல்ல. வைரஸ் தடுப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி எண்ணிப் பார்த்தபோது பாதிக்கப்பட்டவற்றில் சுமார் 98 சதவீதம் விண்டோஸ் 7. அன்றைக்கு விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன, 2020 ஜனவரி வரை அதற்குக் காலம் இருந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தமும் 2017 மார்ச் 14 அன்றே, அதாவது இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். ஆக, ஓஎஸ் பழையதா புதியதா என்பது அங்கே கேள்வியே அல்ல, திருத்தம் போட்டிருந்ததா என்பதுதான் கேள்வி.

சரி, மக்கள் ஏன் போடவில்லை? அந்தக் கதை 2015-லேயே தொடங்குகிறது. 7-உம் 8.1-உம் வைத்திருந்தவர்களின் கணினிக்குள், பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் அதே வாசல் வழியாக, விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லும் ஒரு செயலி வந்து உட்கார்ந்தது. 2016-இல் அந்த மேம்படுத்தலை 'பரிந்துரைக்கப்பட்டது' என்ற வகைக்கு மாற்றினார்கள். அப்புறம், அறிவிப்புச் சாளரத்தின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும், குறித்து வைத்த நேரத்தில் மேம்படுத்தல் தொடங்கும் என்று ஆனது. காலங்காலமாக 'வேண்டாம்' என்று பொருள்பட்ட ஒரு பொத்தானுக்கு 'சரி' என்று பொருள் வந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் சிறுதொழில் நடத்தும் ஒரு பெண்மணி, கேட்காமல் வந்த மேம்படுத்தலால் கணினி கெட்டது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் இழப்பீடு பெற்றார்.

அந்தச் சமயத்தில் எத்தனையோ பேர் அப்டேட் வசதியையே மொத்தமாக நிறுத்தினார்கள். நானே என் வீட்டில் மூன்று கணினிகளில் நிறுத்தினேன். திருத்தமும் விற்பனையும் ஒரே குழாயில் வந்தால், விற்பனை வேண்டாதவர் குழாயையே அடைப்பார். எனக்கு மனம் ஆறாத விஷயம் இதுதான்.

#4 வலைக்காவல்

தறிநாடா, புள்ளிவிவரம் சரி. ஒப்புக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எக்ஸ்பி தப்பித்தது அது பலமாக இருந்ததால் அல்ல. ஆய்வாளர்கள் சோதித்தபோது, அந்தப் புழு எக்ஸ்பிக்குள் சரியாக ஓடாமல் நீலத்திரைப் பிழை காட்டி நின்றது. ஓட்டை அங்கேயும் இருந்தது. அதனால்தான் ஆதரவு முடிந்து மூன்று வருடம் ஆன எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் திருத்தம் கொடுத்தது. 2019 மே மாதம் புளூகீப் என்ற வேறோர் ஓட்டைக்காக மறுபடியும் கொடுத்தது. இன்னொரு முறையும் கொடுப்பார்கள் என்று யாரும் நம்பிக்கொண்டிருக்க முடியாது.

குழாய் உவமை சரியாகத்தான் இருக்கிறது. இரண்டையும் பிரித்திருக்க வேண்டும். அதில் நானும் உங்கள் பக்கம்.

#5 அச்சுக்கோவை

நான் கொஞ்சம் வேறு இடத்திலிருந்து பேசுகிறேன். என்னிடம் இன்றும் ஒரு எக்ஸ்பி கணினி தினமும் ஓடுகிறது. அதில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 இருக்கிறது.

இருபது வருடமாகப் புத்தகம் வடிவமைக்கிறேன். யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டுக்கு முந்தைய காலத்தில் நாங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் 8 பிட். கோப்பைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள்தான். எழுத்துரு அதன்மேல் தமிழ் முகத்தை மாட்டிக் காட்டுகிறது. எழுத்துருவை எடுத்துவிட்டால் திரையில் தமிழே இருக்காது, புரியாத குறிகளின் வரிசைதான் இருக்கும். இப்படி 400-க்கு மேல் புத்தகக் கோப்புகள் என்னிடம் இருக்கின்றன. மறுபதிப்புக்கு ஒருவர் கேட்டு வந்தால், அன்றைக்கு வைத்த பக்கம் அன்றைக்கு வைத்தபடியே திறக்க வேண்டும்.

யூனிகோடுக்கு மாற்றலாமே என்பீர்கள். மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் மாற்றும் மென்பொருள் உரையை மட்டும் மாற்றும், பக்கத்தை மாற்றாது. புது எழுத்துருவின் அகலம் வேறு, வரி உடையும் இடம் வேறு. 212 பக்கப் புத்தகம் 219 ஆகும், பொருளடக்கமும் சொல்லடைவும் புரண்டுபோகும். ஒற்றைக்கொம்பும் காலும் தள்ளி விழுந்த இடங்களைக் கண்ணால்தான் தேட வேண்டும். ஒரு புத்தகத்துக்கு எனக்கு இரண்டு வாரம் பிடிக்கிறது. இதுவரை 60 முடித்திருக்கிறேன்.

அதனால் எக்ஸ்பி இருக்கிறது. ஆனால் அதன் பின்பக்கம் வலைக்கம்பி கிடையாது. அந்தத் துளையில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் அமைப்பிலும் நெட்வொர்க் கார்டை அணைத்துவிட்டேன். மின்னஞ்சல், வங்கி, வாடிக்கையாளர் பேச்சு எல்லாம் பக்கத்து மேசையில் இருக்கும் புதுக் கணினியில். தம்பி நெகட்டிவ்பெட்டி, உங்கள் ஸ்கேனர் இருக்கும் கணினியில் வேறு என்னென்ன செய்கிறீர்கள்?

#6 புதுத்தடம்

அக்கா, ஒரு சந்தேகம். நெட் இல்லாவிட்டாலும் பென்டிரைவ் மாற்றி மாற்றிப் போடுவீர்கள் அல்லவா? வைரஸ் அது வழியாக வராதா?

#7 அச்சுக்கோவை

நல்ல கேள்வி. வரும், எனக்கே வந்திருக்கிறது. 2009 வாக்கில் கான்ஃபிக்கர் வைரஸ் பரவியபோது, ஒரு வாடிக்கையாளரின் பென்டிரைவ் மூலம் எங்கள் அலுவலகத்தில் நான்கு கணினிகளுக்கு வந்தது. செருகியதும் தானே இயங்கும் ஆட்டோரன் வசதிதான் அதற்கு வழிவிட்டது. 2011-இல்தான் பழைய விண்டோஸ்களில் பென்டிரைவுக்கு அதை நிறுத்தும் திருத்தம் பரவலாக வந்தது. அந்த வாரம் முழுக்க வேலை நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது நான் செய்வது: அந்த வேலைக்கென்று இரண்டே பென்டிரைவ். சிவப்பு உள்ளே போகும், பச்சை வெளியே வரும். சிவப்பை முதலில் புதுக் கணினியில் போட்டு முழுவதும் துடைத்து, வேண்டிய கோப்பை மட்டும் ஏற்றி, வைரஸ் சோதனை செய்துவிட்டுத்தான் எக்ஸ்பியில் செருகுவேன். பச்சையில் பிடிஎஃப் மட்டும் வெளியே வரும். வேறு யாருடைய பென்டிரைவும் அதில் நுழையாது. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டாலும் சரி.

#8 நெகட்டிவ்பெட்டி

அக்கா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. எல்லாமே அதில்தான். வங்கி, மின்னஞ்சல், பிள்ளைகளின் பாடம், வரிக் கணக்கு, ஸ்கேன் செய்த படங்கள். வீட்டில் கணினி அது ஒன்றுதான்.

#9 வலைக்காவல்

இதுதான் பிரச்சினையின் முடிச்சு. ஸ்கேனருக்கு விண்டோஸ் 10 வேண்டும். வங்கிக்கு விண்டோஸ் 10 வேண்டாம். இரண்டையும் ஒரே பெட்டியில் கட்டி வைத்திருப்பதால்தான் உங்களால் முடிவெடுக்க முடியவில்லை. அச்சுக்கோவை அக்கா செய்திருப்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். எக்ஸ்பி என்று படித்ததும் திட்டத்தான் வந்தேன். படித்து முடித்தபோது திட்ட ஒன்றுமில்லை.

#10 பென்குயின்நேயம்

ஸ்கேனர் விஷயத்தில் ஒரு வழி சொல்கிறேன். வியூஸ்கேன் என்று ஒரு மென்பொருள் உண்டு. ஸ்கேனரோடு தானே நேரடியாகப் பேசும், ஆயிரக்கணக்கான பழைய மாடல்கள் அதற்குத் தெரியும். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் ஓஎஸ்ஸிலும் ஓடும். பணம் கட்ட வேண்டிய மென்பொருள்தான், ஆனால் வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்கலாம். லினக்ஸிலேயே சேன் என்ற இலவச ஏற்பாடும் உண்டு, ஆனால் ஃபிலிம் ஸ்கேனர்களில் அது அறிந்தவை குறைவு. உங்கள் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு வழி, பழைய விண்டோஸை விர்ச்சுவல் கணினியாக ஒரு கோப்புக்குள் அடைத்து, மேலே வேறு ஓஎஸ் ஓட்டுவது. ஸ்கேனர் யூஎஸ்பி என்றால் அதை உள்ளே கடத்திவிடலாம். ஃபயர்வயர், ஸ்கசி போன்ற பழைய இணைப்பு என்றால், இதற்கான விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் முடியாது. உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு நெட்வொர்க் அட்டையே கொடுக்காமல் விட்டால் அக்காவின் பிளாஸ்திரி போலத்தான். 4 ஜிபி ரேமில் மூச்சுத் திணறும், 8 ஆவது ஆக்கிக்கொள்ளுங்கள்.

#11 நெகட்டிவ்பெட்டி

யூஎஸ்பிதான். மாடலும் வியூஸ்கேன் பட்டியலில் இருக்கிறது. மூன்று வருடம் முன்பே ஒருமுறை போட்டுப் பார்த்தேன், ஆனால் நிறுவனம் கொடுத்த மென்பொருளில்தான் தூசி நீக்கம் எனக்குத் திருப்தியாக இருந்தது. அகச்சிவப்பு ஒளியில் தனியாக ஒருமுறை பார்த்து, தூசியும் கீறலும் எங்கே என்று கண்டுபிடித்து நிரப்பும். வியூஸ்கேனிலும் அது உண்டு, ஆனால் கைகூடவில்லை. அந்தப் பழைய மென்பொருளின் நிறத்துக்கு என் கண் பழகிவிட்டது என்பதும் உண்மை.

#12 பென்குயின்நேயம்

பாக்கி இருக்கும் 50 ரோலில் கறுப்பு வெள்ளை எத்தனை? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமாக நிற்பது வெள்ளித்துகள். வெள்ளி அகச்சிவப்பை மறைக்கும். அதனால் ஸ்கேனர் படத்தையே தூசி என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். வண்ண ஃபிலிமில் சாயம்தான் இருக்கும், அகச்சிவப்பு அதை ஊடுருவிப் போய்விடும். அகச்சிவப்புத் தூசி நீக்கமே வண்ணத்துக்கு மட்டுந்தான், வண்ண ஃபிலிம் போலவே கழுவப்படும் சில கறுப்பு வெள்ளை வகைகள் தவிர.

#13 நெகட்டிவ்பெட்டி

உறைகளை எண்ணிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

...

எண்ணிவிட்டேன். 38 ரோல் கறுப்பு வெள்ளை. அப்பா வண்ணத்துக்கு மாறியதே பிற்பாடுதான். கடினம் என்று ஒதுக்கி ஒதுக்கி வைத்தவை எல்லாம் கறுப்பு வெள்ளையாகவே இருந்திருக்கின்றன. இந்த 38-க்கு எந்த மென்பொருளானாலும் எனக்கு ஒன்றுதான். பழைய மென்பொருள் கட்டாயம் தேவைப்படுவது 12 ரோலுக்கு.

#14 கருவியறை

ஆய்வுக்கூடத்தில் கருவிகளோடு இணைந்த கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புதிய ஓஎஸ் ஏன் எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்கு ஒரு அனுபவம் சொல்கிறேன். எந்த நிறுவனத்தின் பொருள் என்பது வேண்டாம்.

72 மணி நேரம் தொடர்ந்து அளவெடுக்கும் ஒரு சோதனை. நான்காம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் கணினி பூட்டுத்திரையில் நிற்கிறது, கருவியின் மென்பொருள் திறந்தே இல்லை. விடியற்காலை 3 மணிக்கு அப்டேட் போட்டுவிட்டுத் தானே மறுதொடக்கம் ஆகியிருக்கிறது. 58-ஆவது மணி நேரத்தோடு அளவுகள் நின்றுபோயின. மாதிரி கெட்டுப்போனதால் முதலிலிருந்து செய்யவும் வழியில்லை, புது மாதிரி தயாராக ஐந்து வாரம் ஆனது. ஆராய்ச்சி மாணவி ஒருவர் அந்த நாற்காலியில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அப்டேட் எப்போது நடக்கும் என்பதை நானே முடிவு செய்கிறேன்.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

முதலில், விண்டோஸ் 10-இலேயே இருக்க நினைப்பவர்கள் 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். 'வின்வெர்' என்று தேடித் திறந்தால் பதிப்பு தெரியும். வீட்டுப் பயனாளர்களுக்கு நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவுசெய்யும் இணைப்பு இருக்கும். பணம் கட்டலாம், அல்லது அமைப்புகளை மேகத்தில் காப்பெடுக்கச் சம்மதித்தால் பணம் இல்லாமலும் சேரலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். பலர் இதைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

பதிப்பு தாவாமல் திருத்தம் மட்டும் வர வேண்டும் என்றால், குழுக் கொள்கைத் திருத்தியில் (குரூப் பாலிசி எடிட்டர்) விண்டோஸ் அப்டேட் பகுதிக்குள் 'டார்கெட் ஃபீச்சர் அப்டேட் வெர்ஷன்' என்று ஒன்று இருக்கும். அதில் விண்டோஸ் 10 என்றும் 22எச்2 என்றும் எழுதிவிட்டால் அங்கேயே நிற்கும். திருத்தங்கள் வரும், தாவல் வராது. புரோ பதிப்பில் இந்தத் திருத்தி உண்டு. தறிநாடா சொன்ன குழாயைப் பிரிக்க இப்போதைக்கு நமக்குக் கிடைத்திருக்கும் கைப்பிடி இது. அப்டேட் சேவையையே முடக்குவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

நீண்டகால ஆதரவுப் பதிப்புகளும் இருக்கின்றன. விண்டோஸ் 10-இன் 2019 பதிப்புக்கு 2029 ஜனவரி வரையும், கருவிகளுக்கான 2021 ஐஓடி பதிப்புக்கு 2032 ஜனவரி வரையும் திருத்தம் உண்டு. ஆனால் இவை நிறுவனங்களுக்கும் கருவி செய்பவர்களுக்கும் விற்கப்படுபவை. முறையான உரிமம் இல்லாமல் எங்கிருந்தோ இறக்கிப் போடாதீர்கள். அதற்குள் யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

#15 மேகநிழல்

நான் 11-க்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. ஒரு தொல்லையும் இல்லை. எல்லோரும் எதிர்ப்பதால் மறுபக்கத்தையும் சொல்லத் தோன்றுகிறது. பழைய ஓஎஸ் வைத்திருப்பது 'என் கணினி, என் விருப்பம்' என்பதோடு முடிவதில்லை. ஒரு கணினி பிறர் கைக்குப் போனால், அதை வைத்து அடுத்தவர்களுக்குக் குப்பை மின்னஞ்சலும் தாக்குதலும் அனுப்புவார்கள். உடைந்த கதவு உங்கள் வீட்டுடையதாக இருந்தாலும் திருடன் தெருவுக்கே பொது.

#16 தறிநாடா

மேகநிழல் சொல்வது நியாயம். அதனால்தான் கேட்கிறேன்: கதவு உடைந்தது தெரிந்தும், பூட்டுச் செய்தவர் 'வீட்டையே மாற்று' என்று சொல்வது சரியா? இந்தக் கணினிகளில் பெரும்பாலானவை நன்றாக ஓடுபவை. ஒரு சிப் இல்லை, ஒரு தலைமுறை முந்தியது என்ற காரணத்தால் அவை குப்பைக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பொருள் வாங்கும்போதே எத்தனை வருடம் திருத்தம் வரும் என்று பெட்டிமேல் எழுதியிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் கைபேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் ஒரு விதி வந்திருக்கிறது. விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருடமாவது இயங்குதளப் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும். கணினிக்கும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம், 'புதியது என்றால் பாதுகாப்பானது' என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு சிலருடைய ஆவணக் கோப்புறையையே அழித்தது. சில நாட்களில் நிறுத்தி, நவம்பர் 13 அன்றுதான் மறுபடி வெளியிட்டார்கள். முதல் நாளே பாய்ந்து போட்டவர்கள்தான் இழந்தார்கள். பதிப்பு தாவ வேண்டியிருந்தால் பேக்கப் எடுத்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் பொறுத்துத் தாவுங்கள்.

#17 மணிக்கூண்டு

பழைய ஓஎஸ் எப்படிச் சாகும் என்று யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். ஓஎஸ் நம்மை விடுவதற்கு முன் உலாவி விட்டுவிடும். எக்ஸ்பிக்குக் குரோம் 49-உடன் நின்றது. விண்டோஸ் 7-க்கும் 8.1-க்கும் 2023 தொடக்கத்தில் 109-உடன் நின்றது. ஃபயர்ஃபாக்ஸ் 115-இன் நீடித்த பதிப்பை மொசில்லா விண்டோஸ் 7-க்காகப் பலமுறை நீட்டித்தது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். உலாவி நின்ற பிறகு வலைத்தளங்கள் ஒவ்வொன்றாகக் கோணலாகும்.

அடுத்தது சான்றிதழ். தளங்கள் உண்மையானவையா என்று கணினி சரிபார்க்க உதவும் ஒரு பழைய வேர்ச்சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அன்று எத்தனையோ பழைய கணினிகளிலும் கைபேசிகளிலும் நன்றாக இருந்த தளங்கள் 'பாதுகாப்பற்றது' என்று சொல்லித் திறக்க மறுத்தன. தளத்தில் கோளாறு இல்லை, கணினியில் புதிய வேர்ச்சான்றிதழ் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது சின்ன விஷயம், ஆனால் நிறையப் பேரைக் குழப்புவது. மதர்போர்டில் இருக்கும் நாணய அளவு பேட்டரி செத்தால் கடிகாரம் பல வருடம் பின்னே போய்விடும். அப்போது எல்லாச் சான்றிதழும் 'இன்னும் தொடங்கவில்லை' என்று ஆகிவிடும். பழைய கணினியில் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் முதலில் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். சிஆர்2032 பேட்டரிதான், மாற்ற இரண்டு நிமிடம். நெட் இல்லாத கணினியிலும் இது முக்கியம், ஏனென்றால் பேட்டரி போனால் பயாஸ் அமைப்புகளும் பழையபடி ஆகிவிடும். அச்சுக்கோவை, நீங்கள் அணைத்து வைத்த நெட்வொர்க் கார்டு தானே உயிர்பெற்றுவிடும். பிளாஸ்திரியை எடுத்துவிடாதீர்கள்.

#18 அச்சுக்கோவை

இதை நான் யோசிக்கவே இல்லை. நாளைக்கே பேட்டரியை மாற்றுகிறேன். மிக்க நன்றி.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய ஓஎஸ்ஸைக் காப்பாற்றுவது என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் காப்பாற்றுவது. என்னிடம் க்ளோன்ஸில்லா என்ற மென்பொருள் வைத்து எடுத்த முழு நகல் இரண்டு இருக்கின்றன. ஆனால் நகல் எடுத்ததோடு நிம்மதியாக இருந்துவிட்டேன். போன வருடம் மதர்போர்டு போய், வேறொன்றில் அந்த டிஸ்க்கை மாட்டியபோது எக்ஸ்பி எழவில்லை, 7பி என்று நீலத்திரை. புது போர்டில் டிஸ்க் இணையும் சாட்டா, ஏஎச்சிஐ என்ற புது முறையில் இருந்தது, எக்ஸ்பிக்கு அந்த டிரைவர் இல்லை. பயாஸில் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றியதும் எழுந்தது. அதற்குள் ஒரு நாள் முழுக்க வியர்த்துவிட்டது. நகல் எடுத்தால் மட்டும் போதாது, அதைப் போட்டு எழுப்பிப் பாருங்கள்.

#19 நெகட்டிவ்பெட்டி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

புதுக் கணினி வாங்கவில்லை. ஒரு எஸ்எஸ்டி டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும் வாங்கினேன். எஸ்எஸ்டியில் லினக்ஸ் மின்ட் போட்டேன். வங்கி, மின்னஞ்சல், பிள்ளைகளின் பாடம் எல்லாம் இனி அதில். தமிழ்த் தட்டச்சு முதல் நாளே சரியாகிவிட்டது. வரிக் கணக்குக் கோப்பில் மட்டும் ஒரு மேக்ரோ (தானே கணக்குப் போடும் குட்டி நிரல்) ஓடவில்லை, அதை லிப்ரே ஆபீஸில் கையால் மறுபடி எழுதினேன்.

பழைய டிஸ்க்கில் 32 பிட் விண்டோஸ் 10 அப்படியே இருக்கிறது. அதிலிருந்த கடவுச்சொற்களை எல்லாம் அழித்து, வங்கிக் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன். கருவியறை சொன்னபடி நீட்டித்த திருத்தத்துக்குப் பதிவுசெய்து, கடைசியாக ஒருமுறை எல்லாத் திருத்தமும் போட்ட பிறகு நெட்வொர்க் அடாப்டரை முடக்கினேன். ஸ்கேன் செய்யும் நாளில் மட்டும் வலைக்கம்பியைக் கழற்றிவிட்டு அந்த டிஸ்க்கில் கணினியை எழுப்புகிறேன். படங்களைத் தனி டிஸ்க்கில் எழுதி, பிறகு மின்ட்டில் திறக்கிறேன்.

கறுப்பு வெள்ளை 38 ரோலை மின்ட்டிலேயே வியூஸ்கேனில் தொடங்கிவிட்டேன். முதல் துண்டில் அம்மா கிணற்றடியில் நிற்கும் படம். தூசியைக் கையால்தான் நீக்க வேண்டியிருக்கிறது, ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் கூடுதல். பரவாயில்லை. பெரிதாக்கித் துடைக்கும்போதுதான் அம்மாவின் கையில் இருந்த வாளியில் எங்கள் வீட்டுப் பெயர் பொறித்திருந்ததைப் பார்த்தேன்.

#20 வலைக்காவல்

இரண்டு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் மாட்டியே இருக்கின்றனவா? விண்டோஸ் ஓடும்போது மின்ட் டிஸ்க்கைப் பார்க்காதபடி செய்துவிடுங்கள். ஒன்றில் ஏதாவது ஆனால் மற்றதைத் தொடக் கூடாது.

#21 நெகட்டிவ்பெட்டி

ஒன்றுதான் மாட்டியிருக்கும். சாட்டா கம்பியை மாற்றிக் குத்துவதற்கு வசதியாகப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியே வைத்திருக்கிறேன்.

#22 அச்சுக்கோவை

தம்பி, விண்டோஸ் டிஸ்க்குக்கு நகல் எடுத்தாயிற்றா?

#23 நெகட்டிவ்பெட்டி

எடுத்துவிட்டேன் அக்கா. நீங்கள் சொன்ன மாதிரி நேற்று இரவு அசலைக் கழற்றிவிட்டு நகலைப் போட்டு எழுப்பிப் பார்த்தேன். எழுந்தது. ஸ்கேனரையும் இணைத்தேன், டிரைவர் கேட்கவில்லை. ஹோல்டரைத் தள்ளியதும் அந்த 'டக்' வந்தது.